சிவப்பு எண் விழாத கடை

ஆகஸ்ட் 8, 2022. திங்கள்.

கடையைத் திறக்கும் முன்பே டைல்ஸ் பதிக்கிற ஆள் ஒருவர் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார். நான் எழுதிக் கொடுத்த பலகைதான். ‘கடவுள் சமன் செய்வார்: தரை, சுவர், குளியலறை டைல்ஸ்.’ அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்.

“என்ன எழுதணும்?”

“‘பாம்பு பிடிக்கப்படும்’னு போடுங்க மாஸ்டர்.”

“பிடிக்கத் தெரியுமா?”

“இன்னும் பிடிச்சதில்ல. ஆனா டைல்ஸ் போடச் சொல்ல யாரும் இல்ல, பாம்பு இருக்கு.”

வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். பாம்புப் படம் இலவசம்.

ஆகஸ்ட் 13. சனி.

எங்கள் கானா நாட்டுப் பணம் சேடி, டாலருக்கு முன்னால் விழுந்துகொண்டே இருக்கிறது. நான் எழுந்துகொண்டே இருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாட்குறிப்பில் வெட்கப்பட்டு யாருக்கு லாபம்?

விஷயம் எளிது. ஐந்தாறு வருடங்களாக எல்லோரும் ஃப்ளெக்ஸ் பக்கம் போனார்கள். இப்போது ஃப்ளெக்ஸ் துணி, மை, இயந்திரத்தின் உதிரி பாகம் எல்லாமே டாலர் கேட்கின்றன. தகரமும் தூரிகையும் இன்னும் சேடிக்கு மசிகின்றன. அதைவிட முக்கியம், எங்கள் டொன்கொர் சந்திப்பில் ஒரு தொழில் படுக்கும்போதெல்லாம் இன்னொரு தொழில் பலகை கேட்டு எழுகிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ‘கணக்கு, ஆங்கிலம்’ என்பதன் கீழே ‘குளிர்ந்த நீர்’ சேர்த்தார். சவ ஊர்வலத்துக்கு வாசிக்கிற பித்தளை வாத்தியக் குழு ‘கடன் வசூலுக்கும் வாசிக்கப்படும்’ என்று சேர்த்தது. கடன் வாங்கியவன் வாசலில் நின்று ஊதுவார்களாம். சாவுக்கு வாசித்ததைவிட இதில் வரும்படி அதிகம் என்று ட்ரம்பெட்காரர் சொன்னார்.

அந்த ஐந்தாறு வருடமும் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என் மனைவி மான்சாவின் முடி அலங்காரக் கடையால். சாலையோரம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெல்டர் அட்சு செய்து கொடுத்த தகரக் கடை. மகள் எகுவா செவிலியர் பயிற்சியில் இருப்பது அந்தக் கடையால். என் தூரிகைகளை வாங்கித் தந்ததும் அந்தக் கடைதான். இப்போது நானும் சம்பாதிக்கிறேன் என்று சொன்னால் மான்சா பாராட்டுகிறாள், விருந்தாளி வீட்டுக் குழந்தை பாட்டுப் பாடினால் பாராட்டுவதுபோல.

ஆகஸ்ட் 22. திங்கள்.

வானொலியில் ஒரு நிபுணர். நாட்டின் பொருளாதார அடித்தளம் வலுவாக இருக்கிறது என்று காலை முழுக்கச் சொன்னார். அட்சு என் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரும்பு விலைக்கு வெல்டிங் வேலை நின்று மூன்று வாரமாகிறது.

“சாலே, அடித்தளம் வலுவா இருக்காம்.” அவனுக்கு நண்பர்கள் எல்லோரும் ‘சாலே’தான்.

“கேட்டேன்.”

“சிமெண்ட் மூட்டை விக்கிற விலைக்கு அடித்தளத்தை எதுல போட்டாங்களாம்?”

நிபுணரின் நேரம் முடிந்தது. அடுத்தது கால்பந்துச் செய்தி.

செப்டம்பர் 2. வெள்ளி.

திரு. லார்பி வந்தார். வங்கியில் இருபது வருடம் வாடிக்கையாளர் சேவை அதிகாரி. கிளையை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்ததை வைத்து அட்சுவிடம் ஒரு தகரக் கடை வாங்கி, சோளக் கஞ்சியும் கோசே வடையும் விற்கப் போகிறார். டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பலகை வாசகம் அவரே எழுதி எடுத்து வந்தார்: ‘லார்பி காலை உணவுச் சேவைகள். உங்கள் காலை எங்களிடம் பாதுகாப்பாக உள்ளது.’

“கஞ்சின்னு ஒரு வார்த்தை போடலாமே சார்?”

“வேண்டாம் மாஸ்டர். கஞ்சின்னு போட்டா கஞ்சி குடிக்கிறவங்கதான் வருவாங்க.”

செப்டம்பர் 7. புதன்.

லார்பி கடையில் காலை உணவு. கூட்டத்தைக் கயிறு கட்டி வரிசைப்படுத்தியிருக்கிறார். முன்னால் நிற்பவர் கஞ்சி வாங்கும்போது பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கக் கூடாதாம். அந்தரங்கம். என் முறை வந்தபோது, “இன்னைக்கு உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?” என்றார். கஞ்சியையும் வடையையும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

கஞ்சி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 16. வெள்ளி.

மான்சாவின் கடையில் ஈ. சவுரி முடியெல்லாம் கப்பலில் வருகிறது. கப்பல் டாலரில் வருகிறது. பெண்கள் பின்னலை விட்டுவிட்டு ஒட்ட வெட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்புறத்து முடிதிருத்துபவர் கடையில் பெண்கள் வரிசை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னாலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிகளின் கூட்டம் மாதிரி இருக்கிறது.

“மொட்டைக்கு என்ன ஸ்டைல் பண்றது, எகுவா அப்பா?” என்று மான்சா கேட்டாள். பிறகு அவளே, “கல்யாணத்துக்கு யாரும் மொட்டையா வர மாட்டாங்க. வருவாங்க, பொறு,” என்றாள். டிசம்பரை நம்பியிருக்கிறாள். எகுவாவின் அடுத்த கட்டணமும் டிசம்பரை நம்பித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 27. செவ்வாய்.

சோளமாவுக் கென்கே உருண்டை சின்னதாகிவிட்டது என்று, பேருந்து நிறுத்தத்தில் அதை விற்கிற டெடேயிடம் சொன்னேன். “உருண்டை அதே உருண்டைதான் மாஸ்டர். உங்க பசிதான் பெருசாயிடுச்சு.”

அக்டோபர் 6. வியாழன்.

இரண்டு வாரமாகப் பலகை வேலை வரவில்லை. டொன்கொர் சந்திப்பில் எல்லோரும் எல்லாத் தொழிலும் செய்வதாக எழுதி முடித்துவிட்டேன். இனிச் சேர்க்கத் தொழிலும் இல்லை, பலகையில் இடமும் இல்லை.

இந்த நேரம் பார்த்து நகராட்சிப் பணிப் பிரிவிலிருந்து டாகோ வந்தார். மரியாதையான மனிதர். வியர்வையை ஒற்றி எடுப்பாரே தவிரத் துடைக்க மாட்டார். எங்கள் சாலையை ‘வணிக ஊக்குவிப்புச் சாலை’ ஆக்கப் போகிறார்களாம். முதலீட்டாளர்கள் காரில் வந்து பார்ப்பார்களாம். அதனால் சாலையோரக் கடைகளை எடுத்தாக வேண்டும்.

“கடைகளை எடுத்துட்டா வணிகம் எங்க நடக்கும் சார்?”

“இந்தக் கடைங்க இருந்தா வணிகத்துக்கு எடம் எங்க மாஸ்டர்?”

ஒவ்வொரு கடையிலும் சிவப்பில் ஓர் எண், அடியில் ‘அகற்று’. அவ்வளவுதான் வேலை. பெயின்ட் நகராட்சி தரும். கூலியில் பாதி இப்போது, பாதி அடுத்த காலாண்டில்.

ஒப்புக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் வேறொருவன் செய்வான், அதுவும் எழுத்தைக் கோணலாக. இந்த நியாயத்தை எழுதி வைத்துப் படித்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

அக்டோபர் 10. திங்கள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கினேன். டெடேயின் கென்கே கடை எண் 1. லார்பி எண் 7. தினமும் பார்த்துப் பழகியவர்களின் கடை முகப்பில் ‘அகற்று’ என்று எழுதுவது எப்படி என்று யாரும் பயிற்சி தரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

டெடே மீன் பொரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு மாஸ்டர். பெருசா இருக்கு. முன்னாடி யாரு இவ்ளோ அழகா எழுதினா?”

“டெடே, இது கடையை எடுக்கச் சொல்ற எழுத்து.”

“அது நகராட்சி சொல்றது. நான் சொல்றது எழுத்தை.”

வாய்க்கால் வரைக்கும் வந்ததும் பெயின்ட் தீர்ந்துவிட்டது. டாகோவுக்கு ஃபோன் செய்தேன். மதிப்பீடு போட்ட மாதத்து விலைக்கு எட்டு டப்பா, வாங்கிய மாதத்து விலைக்கு நாலு டப்பாதான் வந்ததாம். மீதி அடுத்த காலாண்டில்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மான்சாவின் கடை. எண் விழவில்லை. பெயின்ட் விலையேற்றத்துக்கு நன்றி சொன்ன ஒரே ஓவியன் நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 19. புதன்.

புதிய செய்தி. சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தரப்போகிறது. யாருக்கு? எண் இருக்கிற கடைகளுக்கு.

இது எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். காரணம் மட்டும் தெளிவாக இருக்கிறது: கொசுவலை கொடுத்தபோது கதவில் சுண்ணாம்பு எண் இருந்த வீட்டுக்குத்தான் கிடைத்தது. எண் இல்லாத வீட்டுக்குக் கொசுதான். ஆக, அரசாங்கம் எண் போட்டால் எதையோ தரப்போகிறது.

“சுண்ணாம்புல போட்டதுக்கே வலை. பெயின்ட்ல போட்டிருக்காங்கன்னா பாத்துக்க,” என்றான் அட்சு. அவன் பட்டறை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எண் இல்லை. முகத்தில் வருத்தம்.

“அகற்றுன்னு எழுதியிருக்கேன்டா. என் கையாலயே எழுதினேன்.”

“சாலே, ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’னும் உன் கையாலதான் எழுதின. அந்தச் சுவத்துக்கு எவ்ளோ கூட்டம்னு போய்ப் பாரு.”

அக்டோபர் 24. திங்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். தங்கள் செலவில் பெயின்ட் வாங்கித் தருவார்களாம். ஒருவர் கோழியோடு வந்தார். எண் போட முடியாது என்றேன். எண்களை நான் என் உறவுக்காரர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேனாம், சொல்லிக்கொண்டே போனார். கோழி மட்டும் என்னைப் புரிந்துகொண்டதுபோல் திரும்பிப் பார்த்தது.

இரவு உணவின்போது மான்சா.

“என் கடைக்கு எப்ப போடப்போற?”

“எதை?”

“எதையா? ஊருக்கெல்லாம் போட்டியே, அதை.”

“மான்சா, அது கடையை இடிக்கிறதுக்கு அடையாளம். சிவப்பு இருக்கிற கடைக்கு ஒரு நாள் இயந்திரம் வரும். உன் கடை தப்பிச்சிடுச்சேன்னு நான் சந்தோஷமா இருக்கேன்.”

“எல்லாத்தையும் இடிச்சு என்னுத மட்டும் விட்டுட்டுப் போவாங்களா? ஏன், முதலீட்டாளருக்கு நான் பின்னல் போடணுமாமா?”

இந்தக் கேள்வியை நான் டாகோவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு மான்சாவின் கடை நினைவு வந்துவிடுமோ என்று பயம்.

“எழுத்தைப் படிச்சுப் பாரு,” என்றேன்.

“எழுத்தை யார் படிக்கிறா? நம்பரைத்தான் பாக்கிறாங்க. எழுதறவன் பொண்டாட்டிக்கே நம்பர் இல்லன்னா, அவளை வீட்டுல வெச்சிருக்கானா இல்லையான்னு கேக்கிறாளுங்க சந்தையில.”

இது என் மனத்தில் தைத்தது. ஆனாலும் மாட்டேன் என்றேன். அவள் அந்தக் கடையை எப்படிக் கட்டினாள் என்று தெரிந்தவன் நான். அதன் நெற்றியில் ‘அகற்று’ என்று என் கையால் எப்படி எழுதுவேன்?

நவம்பர் 1. செவ்வாய்.

எண் உள்ளவர்களுக்கு நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. இருபத்தொரு நாள் அவகாசம். ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரலாம்.

‘எழுத்தில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் லார்பிக்கு வயது குறைந்துவிட்டது. கஞ்சிப் பானையை மூடி வைத்துவிட்டு எண் 1 முதல் கடைசி எண் வரைக்கும் அவரே ஆட்சேபனை எழுதிக் கொடுத்தார். ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று அவர் தொடங்கும் அழகைக் கேட்க டெடே இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

“என்ன ஆகும் சார்?” என்றேன்.

“குழு கூடி விசாரிக்கணும். குழு கூடினா உறுப்பினருக்கு அமர்வுப்படி தரணும். அமர்வுப்படிக்கு இந்த வருஷ பட்ஜெட்ல ஒதுக்கீடு இல்ல. விசாரிச்சுட்டேன்.” கோசேயைப் புரட்டினார். “நிலுவையில இருக்கிற ஒரு விஷயத்தைவிடப் பாதுகாப்பானது உலகத்துல எதுவும் இல்ல மாஸ்டர். இருபது வருஷ அனுபவம்.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்தேன்.

நவம்பர் 9. புதன்.

விடிந்ததும் மான்சாவின் கடைப் பக்கம் போனேன். முகப்பில் ‘41’. சிவப்பு நகப்பூச்சில். நேற்றே போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ‘அகற்று’ இல்லை, எண் மட்டும். 4 ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோள் சாய்த்து நிற்கிற குடிகாரன் மாதிரி இருந்தது.

அட்சுவின் பட்டறையில் ‘38’. கோழிக்காரர் கடையில் ‘100’. முழு எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

தின்னரும் துணியும் கொண்டுவந்து மான்சாவின் எண்ணைத் துடைத்தேன். தடம் தெரியாமல் துடைத்தேன். மூன்று காரணங்கள்: நகராட்சி எண்ணைப் போலியாகப் போடுவது குற்றம், சிவப்பைப் பார்த்து இயந்திரம் வரும், எழுத்து கோணல். மூன்றாவதுதான் உண்மையான காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 10. வியாழன்.

மான்சா பார்த்துவிட்டாள். “நீயா?” என்றாள். “நான்தான்.” “சரி.” இந்தச் சரிக்கு என்ன பொருள் என்று எந்த அகராதியிலும் இராது.

நவம்பர் 14. திங்கள்.

வந்துவிட்டது. மஞ்சள் இயந்திரம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து மெதுவாக வந்தது. டெடே சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். தாண்டிப் போனது. லார்பியைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு சிவப்பையும் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி — நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சைக்கிளில் ஏறலாம் என்றே தோன்றவில்லை, அதைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், முட்டாள்.

அட்சுவின் 38-ஐத் தொடவில்லை. 100-ஐத் தொடவில்லை. மான்சாவின் கடை முன்னால் நின்றது.

“நிறுத்துங்க! இதுல நம்பரே இல்லையே! நம்பர் இல்லாத கடைப்பா இது!”

ட்ரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். “அதான் பாஸ். நம்பர் இல்லாததைத்தான் எடுக்கச் சொன்னாங்க.”

என்ன சொல்றான் இவன்? என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? துடைச்சேனே. என் கையால, தின்னர் போட்டு, தடம் தெரியாம —

மான்சா உள்ளே ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளில் வந்த முதல் பின்னல். பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். சீப்பு, நாற்காலி, கண்ணாடி, முடி உலர்த்தி. கண்ணாடியை அட்சு தூக்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான். பிறகு தகரம் மடங்கும் சத்தம். இவ்வளவு சின்னக் கடைக்கு அவ்வளவு பெரிய சத்தம்.

புழுதி அடங்கியதும் பார்த்தால், சாலையோரத்தில் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து மான்சா மறுபாதித் தலைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

“பாதித் தலையோட யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும், ஃபிஃபி? தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே.”

எகுவா அப்பா என்று கூப்பிடவில்லை, என் பெயரைச் சொன்னாள்.

நவம்பர் 16. புதன்.

டாகோவைப் பார்த்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவரிடம் கோபப்படுவது கடினம்.

“எண் போட்ட கடைதானே சார் இடிக்க வேண்டியது?”

“ஆமா. ஆனா எண் போட்டா நோட்டீஸ் தரணும். நோட்டீஸ் தந்தா அவகாசம். அவகாசத்துல ஆட்சேபனை வந்துடுச்சு. இப்ப எல்லாம் நிலுவையில இருக்கு. நாங்க கை வைக்க முடியாது.”

“எண் இல்லாத கடை?”

“எண் இல்லாத கடைன்னு ஒண்ணு பதிவுலயே இல்ல மாஸ்டர். பதிவுல இல்லாதது கடை இல்ல.” வியர்வையை ஒற்றினார். “சாலையோரத்துக் கழிவு. அதைச் சுகாதாரப் பிரிவு எடுக்கும். அதுக்கு நோட்டீஸ் வேண்டாம்.”

“அது என் மனைவியோட கடை சார்.”

அவர் உண்மையாகவே வருந்தினார். “அடடா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு எண்ணுக்காவது பெயின்ட் தந்திருப்பேனே.”

என் கூலியில் மறுபாதி பற்றிக் கேட்டேன். அதுவும் நிலுவையில்தான் இருக்கிறது.

நவம்பர் 25. வெள்ளி.

ஒரே வீட்டில் இருக்கிறோம். மான்சா என்னோடு டெடே வழியாகப் பேசுகிறாள். கென்கே வாங்கப் போனால் டெடே மீனைப் புரட்டியபடி சொல்கிறாள்: “மாஸ்டர், உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. பரண்ல கரண்ட் வயரை எலி கடிச்சிருக்காம்.”

“பார்த்துக்கிறேன்னு சொல்லு.”

“சொல்றேன். ஆனா மாஸ்டர், எனக்கும் யாவாரம் இருக்கு.”

டிசம்பர் 3. சனி.

கல்யாணக் காலம் வந்துவிட்டது. மான்சா சொன்னபடியே பெண்கள் பின்னல் கேட்டு வந்தார்கள். கடை இருந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வேறு கடை தேடிப் போனார்கள். சிலரை வீட்டுக்கே போய்ப் பின்னிவிட்டு வருகிறாள். முடி உலர்த்தியைத் தலையில் சுமந்துகொண்டு போகிறாள். நான் சுமக்கிறேன் என்றேன். டெடே வழியாக வேண்டாம் என்று பதில் வந்தது.

எகுவா ஃபோன் செய்தாள். ஒரு பருவம் நின்றுவிட்டுப் பிறகு சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். “உங்க அம்மாகிட்ட கேளு,” என்றேன். கோழை.

டிசம்பர் 12. திங்கள்.

பத்து நாளாக அட்சுவுக்கு நல்ல காலம். தகரக் கடைகளைச் செய்து, சிவப்பு எண்ணோடு சேர்த்து விற்கிறான். எண் உள்ள கடைக்கு ஒரு விலை, இல்லாத கடைக்கு ஒரு விலை. இல்லாததை யாரும் கேட்பதில்லை. வேலையிழந்த ஆசிரியர், ஓட்டுநர், ஒரு மருந்துக்கடைக் கணக்காளர் என்று வரிசையாக வாங்குகிறார்கள்.

“எழுத்து கோணலா இருந்தா போலின்னு தெரிஞ்சுடும், சாலே. நீதான் எழுதித் தரணும்.”

“அகற்றுன்னும் எழுதணுமா?”

“அது இல்லாம யாரு நம்புவா?”

எழுதிக் கொடுத்தேன். இந்த வருடத்தில் நான் எழுதியவற்றில் மிக அதிகமாக விற்ற சொல் ‘அகற்று’தான். ஒரு கடைக்காரர் அதைச் சுற்றிப் பூவேலை கேட்டார்.

வியாழக்கிழமை வரை வந்ததையெல்லாம் அன்று மான்சாவின் தலையணைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அது எகுவாவின் கல்லூரிக்குப் போய்விட்டது என்று டெடே சொன்னாள். பாதிக் கட்டணம். மீதிக்கு ஜனவரி வரைக்கும் அவகாசமாம். மான்சா வேறு எதுவும் சொல்லியனுப்பவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு இரண்டு மீன் வைத்திருந்தாள்.

டிசம்பர் 25. ஞாயிறு.

லார்பி வீட்டில் விருந்து. டை கட்டியிருந்தார். நகராட்சியிலிருந்து வாழ்த்து அட்டை வந்திருக்கிறது அவருக்கு: ‘எண் 7, வணிக ஊக்குவிப்புச் சாலை’ என்று முகவரி போட்டு. மேசை நடுவில் சாய்த்து வைத்திருந்தார். எல்லோரும் எழுந்துபோய்ப் பார்த்தோம். மான்சாவும் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

ஜனவரி 8, 2023. ஞாயிறு.

மான்சா ஒரு பெரிய குடை வாங்கியிருக்கிறாள். கைபேசி ரீசார்ஜ் விற்பவர்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. இரண்டு ஸ்டூல், கண்ணாடி, ஒரு மேசை. பழைய இடத்திலேயே, தகரம் அறுத்த தடத்தின் மேலேயே ஊன்றியிருக்கிறாள்.

மாலையில் அவளே என் கடைக்கு வந்தாள். டெடே இல்லாமல்.

“சிவப்பு இருக்கா?”

“இருக்கு.”

“வா.”

குடையைச் சாய்த்துப் பிடித்தாள். துணியில் எழுதுவது சிரமம், பெயின்ட் ஊறிப் பரவும். மெதுவாக ‘41’ எழுதினேன்.

“அகற்று வேணுமா?”

“முழுசாப் போடு. இந்த ஊர்ல அரைகுறையா இருக்கிறதைத்தான் தூக்கிட்டுப் போறாங்க.”

எழுதி முடித்ததும் பின்னால் நகர்ந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து, ஒரு பெண்ணின் பின்னலைச் சரிபார்ப்பதுபோல.

“இன்னும் கொஞ்சம் பட்டையா, எகுவா அப்பா.”

பட்டையாக்கினேன்.

காற்று அடித்தது. பெயின்ட் காயும்வரை ஆளுக்கொரு பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த வழியாக வந்த லார்பி நின்று படித்துப் பார்த்தார். எண் மட்டும் போதாது, நோட்டீஸ் கையில் இருந்தால்தான் ஆட்சேபனை போட முடியும், ஆட்சேபனை போட்டால்தான் நிலுவையில் நிற்கும் என்றார். தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

நாளை காலை டாகோவிடம் போய், என் மனைவியின் குடையை அகற்றச் சொல்லி ஒரு நோட்டீஸ் கேட்டு வாங்க வேண்டும். சீக்கிரம் போக வேண்டும். அங்கே வரிசை நீளமாம்.